பி.எட். படிக்கட்டுமா என்று கேட்டு வந்தவர்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஐ.டி.யில் பத்து வருடம் தாண்டியவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "இதை விட்டுட்டு வேற ஏதாவது செய்யணும்." அந்த 'வேற ஏதாவது' ஆளுக்கு ஆள் மாறும். ஆணாக இருந்தால் பெரும்பாலும் இயற்கை விவசாயம், இல்லையென்றால் குரூப் 1. பெண்ணாக இருந்தால் டீச்சர் வேலை, இல்லையென்றால் வீட்டிலிருந்தே ஒரு சிறு தொழில். அப்படி டீச்சர் வேலை வேண்டும் என்று என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒருவர் கடைசியில் எங்கே போய் நின்றார், நடுவில் என்னென்ன பார்த்தோம், எதை எதற்காக முடிவு செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். அவர் படித்துப் பார்த்து சரி சொன்ன பதிவு இது. ஆள் யாரென்று தெரிந்துவிடக்கூடிய இரண்டொரு விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

2023 தொடக்கத்தில் வந்தபோது அவருக்கு 34 வயது. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். அப்பா மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர், அம்மா தீப்பெட்டி ஒட்டியவர். மதுரையில் பி.எஸ்சி. கணிதம், அப்புறம் எம்.சி.ஏ., குடும்பத்தில் முதல் பட்டதாரி. கேம்பஸில் எடுத்த கம்பெனியிலேயே 2012 ஜூலையில் சேர்ந்து, ஓ.எம்.ஆரில் அதே கம்பெனியிலேயே இருந்தார். அமெரிக்க இன்சூரன்ஸ் க்ளையண்ட் ஒன்றுக்கு டெஸ்டிங். டெஸ்டராகச் சேர்ந்து, லீட் ஆகி, என்னிடம் வந்த சமயத்தில் பதினான்கு பேருக்கு மேனேஜர்.

கணவரும் ஐ.டி.தான், வேறு கம்பெனி. பையன் ஒன்றாம் வகுப்பு. மேடவாக்கம் பக்கம் ஃப்ளாட், அதற்கு மாதம் 38,000 இ.எம்.ஐ.; ஊருக்கு மாதம் 10,000 அனுப்புகிறார். கையில் வரும் சம்பளம் 96,000.

அவர் கேட்டது நேரான கேள்வி. "பி.எட். முடிச்சு, டெட் எழுதி, கவர்மெண்ட் ஸ்கூல்ல மேத்ஸ் டீச்சரா போயிடலாம்னு இருக்கேன் அக்கா. வேலையை விட்டுட்டுப் படிக்கறதா, கரஸ்ல படிக்கறதா, அதை மட்டும் சொல்லுங்க."

முதல் பேச்சில் தெரிந்தது

கரஸ், அதாவது தபால் வழிப் படிப்பு, என்பது அவருக்கு இல்லவே இல்லை. இது நிறைய பேருக்குத் தெரிவதில்லை. இக்னோவிலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் தொலைநிலை பி.எட். இருக்கிறதுதான், ஆனால் ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான் அது. கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்துகொண்டு சேர முடியாது. ஆக நேரடி பி.எட். மட்டுமே வழி, அது இரண்டு வருடம், வேலையில் இருந்துகொண்டு படிப்பது நடக்காது. அதற்குப் பிறகு டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், அப்போதைய விதிப்படி 150 மதிப்பெண்ணுக்குப் பொதுப்பிரிவு என்றால் 90, இட ஒதுக்கீட்டுப் பிரிவு என்றால் 82 வாங்க வேண்டியிருந்தது. அதில் தேறிவிட்டால் வேலை என்றும் கிடையாது. 2018-இல் வந்த அரசாணைப்படி பணி நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு எழுத வேண்டும், அறிவிப்பு எப்போது வருமோ அப்போது. எல்லாம் நல்லபடியாக நடந்தாலே மூன்று நான்கு வருடம் சம்பளமில்லாமல் ஓட்ட வேண்டியிருக்கும் என்று கணக்கு காட்டினேன்.

அவர் பெரிதாக அதிரவில்லை. "கஷ்டம்னு தெரியும், செய்யலாம்" என்றார். அப்புறம்தான் கேட்டேன், டீச்சர் வேலையில் உங்களுக்கு எந்தப் பகுதி வேண்டும் என்று. சட்டென்று வந்த பதில்: "நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்திடலாம், மே மாசம் லீவு, நைட்டு கால் இல்ல." கொஞ்ச நேரம் கழித்து, தானாக, "ஒருத்தருக்குப் புரிய வைக்கறது எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார். இரண்டையும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொண்டேன். முதலில் வந்தது முழுக்க இப்போதைய வேலையிலிருந்து தப்பிப்பதைப் பற்றியது. அதற்கும் கற்பித்தலுக்கும் சம்பந்தமே இல்லை, நாலரை மணிக்கு வீட்டுக்கு அனுப்பும் எந்த வேலையும் அதற்குப் போதும். இரண்டாவதுதான் வேலையைப் பற்றிய ஆசை.

இன்னொன்றும் வெளியே வந்தது. டீச்சர் ஆசை பாதி அம்மாவுடையது. ஊருக்குப் போகும்போதெல்லாம் "நீ டீச்சருக்குப் படிச்சிருந்தா இங்கேயே எங்க கண்ணு முன்னாடி இருந்திருப்பே" என்பாராம். பெற்றவர்களின் ஆசை நமக்குள் வந்து உட்கார்ந்துகொண்டால் அது நம்முடையது போலத்தான் ஒலிக்கும். தப்பொன்றும் இல்லை, யாருடையது என்று தெரிந்திருந்தால் போதும்.

சோதனைத் தாளும் தினக்குறிப்பும்

எட்கர் ஷைன் என்ற எம்.ஐ.டி. பேராசிரியர் 1961-இல் தொடங்கி, தன்னிடம் மேலாண்மை படித்த 44 பேரைப் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து மறுபடி சந்தித்துப் பேசினார். எந்த வேலைக்குப் போனாலும் ஒருவர் விட்டுக்கொடுக்காத ஏதோ ஒன்று இருக்கிறது என்பது அவர் கண்டது. பின்னால் அது எட்டு வகையானது: தொழில்நுட்பத் திறமை, நிர்வாகம், சுதந்திரம், பாதுகாப்பு, சொந்தமாக ஒன்றை உருவாக்குவது, சேவை, சவால், வாழ்க்கை முறை. இதற்கு ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. அவரிடம் கொடுத்தேன். சேவை முதலில் வந்தது, அடுத்து வாழ்க்கை முறை, தொழில்நுட்பத் திறமை மூன்றாவது. அதாவது டீச்சர்.

கேள்வித்தாளை மட்டும் நம்புவதில்லை நான். டீச்சர் ஆக வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டு வருகிறவர் டீச்சர் மாதிரிதான் பதில் எழுதுவார். வேலை வரலாற்றை உட்கார்ந்து பேசாமல் தாளை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பது ஷைனே வற்புறுத்தியதுதான். அதனால் மூன்று வாரம் ஒரு வேலை கொடுத்தேன். தினமும் ஆபீஸிலிருந்து கிளம்பும் முன் மொபைலில் இரண்டே வரி: இன்றைக்கு எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை, எந்த வேலையைத் தள்ளிப் போட்டேன். பிடித்தது, பிடிக்காதது என்று எழுதக்கூடாது, நடந்ததை மட்டும் எழுத வேண்டும்.

தள்ளிப் போட்டவை எல்லா நாளும் ஏறக்குறைய ஒன்றுதான். டைம்ஷீட் போடாதவர்களைத் துரத்துவது, ராத்திரி எட்டரை மணி க்ளையண்ட் காலுக்கு ஸ்டேட்டஸ் ஸ்லைடு, அப்ரைசலில் பெல் கர்வுக்காக (டீமில் இத்தனை பேருக்குக் குறைந்த ரேட்டிங் போட்டே ஆக வேண்டும் என்ற கணக்கு) நன்றாக வேலை செய்த பையன் ஒருவனைக் கீழே இறக்கிக் காரணம் எழுதுவது. இந்தக் கடைசி வேலையை ஒரு வாரம் முழுக்கத் தள்ளிப் போட்டிருந்தார்.

நேரம் போனதே தெரியாத வரிகள்தான் சுவாரசியம். இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை. பிப்ரவரி 29-ஆம் தேதி தொடங்கும் பாலிசிகளுக்கு அடுத்த வருடம் புதுப்பிக்கும் தேதி சில இடங்களில் பிப்ரவரி 28 என்றும் சில இடங்களில் மார்ச் 1 என்றும் வருகிறது, அதனால் ஒரு நாள் கவரேஜ் இல்லாமல் போகிறது. டீமில் ஒரு பெண் அதைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்திருக்கிறாள். மேனேஜர் அதை டெவலப்பருக்கு அனுப்பினால் போதும். இவர் அனுப்பவில்லை. அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எந்த மாட்யூல் எந்தத் தேதியை எடுக்கிறது, பிரீமியம் கணக்கு எதை எடுக்கிறது, க்ளெய்ம் கணக்கு எதை எடுக்கிறது என்று ஒவ்வொன்றாக வரைந்து, இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வருடத்தைக் கூட்டுகிறார்கள் என்று கண்டுபிடிக்கும்போது மணி எட்டு இருபத்தைந்து. ஸ்லைடு தயாராகவில்லை. குறிப்பில் இப்படி இருந்தது: "டீ ஆறிப்போச்சு. காலுக்கு ஸ்லைடு இல்லாம போனேன். திட்டு. ஆனா இன்னைக்கு நல்லா இருந்தது."

அந்த மூன்று வாரக் குறிப்பில் இப்படிப்பட்டவை இன்னும் இருந்தன, எல்லாம் ஒரே ஜாதி. சிக்கலான விதி ஒன்றை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிப்பது, அதைப் பக்கத்தில் இருக்கும் ஒருவருக்குப் புரிய வைப்பது. பெரிய கூட்டத்துக்கு எடுத்த டிரெய்னிங் ஒன்று இருந்தது, அது 'நேரம் தெரியவில்லை' பட்டியலில் வரவில்லை என்பதையும் கவனித்தோம். தாளில் மூன்றாவதாக வந்த தொழில்நுட்பத் திறமை குறிப்பில் முதலில் நின்றது.

பள்ளிக்கூடத்தில் இரண்டு வாரம்

இதை வைத்து "உங்களுக்கு டீச்சர் வேலை சரிப்படாது" என்று நான் சொல்லியிருந்தால் அவர் ஒத்துக்கொண்டு, ஐந்து வருடம் கழித்து அதையே நினைத்து வருந்துவார். பார்த்துவிட்டு வரட்டும் என்று முடிவு செய்தோம். தாம்பரம் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணித ஆசிரியை ஒருவர் விடுப்பில் போயிருந்தார். தெரிந்தவர்கள் மூலமாகப் பேசி, ஜூலையில் இரண்டு வாரம் ஆபீஸில் லீவு போட்டு, எட்டாம் வகுப்பு ஏ, பி, சி மூன்று பிரிவுக்கும் பாடம் எடுத்தார்.

முதல் நாள் சாயங்காலம் போன் செய்தபோது குரலே வேறு. (a+b)² சூத்திரத்தில் அந்த 2ab எங்கிருந்து வருகிறது என்று போர்டில் ஒரு சதுரம் வரைந்து நான்காகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "அப்போ அந்த ரெண்டு செவ்வகமும் ஒண்ணுதானே மிஸ், அதான் ரெண்டா?" என்றிருக்கிறாள். இந்த ஒன்றை அவர் என்னிடம் பல தடவை சொல்லிவிட்டார், இப்போதும் சொல்கிறார்.

இரண்டாம் வாரம் புதன்கிழமை வந்த போன் வேறு மாதிரி. ஒரு வகுப்பில் 46 பிள்ளைகள், மூன்று வகுப்பு நோட்டும் திருத்த வேண்டும், டைரியில் கையெழுத்து, பஸ் டியூட்டி. "ஏ செக்‌ஷன்ல சதுரம் வரைஞ்சப்ப சந்தோஷமா இருந்தது. சி செக்‌ஷன்ல அதே சதுரத்தை வரையும்போது எனக்கே போரடிச்சது அக்கா." நாலரை மணிக்கு வீட்டுக்கு வருவதும் பாதி உண்மைதான், நோட்டுக் கட்டும் கூடவே வந்தது. சம்பளம் எவ்வளவு என்று அங்கே இருந்தவர்களிடம் கேட்டிருக்கிறார், அவருடைய இ.எம்.ஐ.யில் பாதிகூட இல்லை. அரசுப் பள்ளியில் இருக்கும் சித்தி மகளிடமும் பேசச் சொன்னேன். சம்பளம் நன்றாக இருக்கிறது, ஆனால் எமிஸ் பதிவு (பள்ளி விவரங்களை அரசு இணையதளத்தில் ஏற்றுவது), தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை என்று அவள் சொன்ன பட்டியலைக் கேட்டுவிட்டு இவர் சிரித்தார். டைம்ஷீட்டிலிருந்து தப்பி எமிஸுக்குப் போவதா என்று.

நல்ல ஆசிரியர்களுக்கு சி பிரிவிலும் அதே சதுரம் புதிதாக இருக்கும், அதற்கென்று ஒரு மனசு வேண்டும். இவருக்கு இருந்தது வேறு ஒன்று.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பி.எட். பேச்சு அங்கேயே நின்றது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவரே எடுக்கவில்லை.

அடுத்து, இருக்கும் கம்பெனியிலேயே கேட்டுப் பார்ப்பது. ஆட்களை மேய்க்கும் பொறுப்பு இல்லாமல் தொழில்நுட்பப் பக்கம் மாற்றித் தர முடியுமா? செலவில்லாத சோதனை என்பதால் இதை முதலில் செய்யச் சொன்னேன். செப்டம்பரில் கேட்டார். அவருடைய மேலதிகாரிக்கு நிஜமாகவே புரியவில்லை. "சீனியர் மேனேஜருக்கு உங்க பேரைக் கொடுத்திருக்கேன், நீங்க போய் பின்னாடி போறேங்கறீங்க?" கம்பெனிக் கொள்கையில் அப்படி ஒரு பாதை இருக்கிறது என்று எச்.ஆர். சொன்னது, இந்த அக்கவுண்டில் இப்போது இடம் இல்லை என்றும் சொன்னது. அக்டோபரில் பதவி உயர்வுக் கடிதம் வந்தது.

இந்த இடத்தில் அவர் ரொம்பத் தடுமாறினார். கணவர் ஏற்றுக்கொள்ளலாம் என்றார், அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது: பையன் படிப்பு, ஃப்ளாட் கடன், எந்நேரமும் ஆள் குறைக்கும் தொழில். மூவருமாக உட்கார்ந்து பேசினோம். வேண்டும், வேண்டாம் என்ற பேச்சை விட்டுவிட்டு, குடும்பம் இப்போது இருக்கிற மாதிரியே நடக்க இவருடைய சம்பளம் எவ்வளவு வரை இறங்கலாம் என்று மட்டும் கணக்குப் போட்டோம். 75,000 என்று வந்தது. அந்த எண் வந்த பிறகு வீட்டில் சண்டை குறைந்தது. கணவர் பயந்தது சம்பளமே இல்லாமல் போவதற்கு, இருபதாயிரம் குறைவதற்கு இல்லை. பதவி உயர்வை ஏற்பதா என்பதற்கு மனைவியே ஒரு வழி கண்டுபிடித்தார்: சீனியர் மேனேஜராக இருக்கும் ஒருவரிடம் அவருடைய ஒரு வாரக் காலண்டரைக் காட்டச் சொல்லிக் கேட்டார். அதில் கால், ரிவ்யூ, கால், எஸ்கலேஷன், கால். மறுநாளே நன்றி சொல்லி மறுத்துவிட்டார்.

வெளியே தேடும்போது பதவிப் பெயரை வைத்துத் தேடவில்லை. இன்டர்வியூவில் அவர்கள் கேட்டு முடித்ததும் இவர் கேட்ட கேள்விகள் இவை: நான் அப்ரைசல் எழுத வேண்டிய ஆட்கள் இருப்பார்களா, கடைசி கால் எத்தனை மணிக்கு, ஒரு விதியைப் புரிந்துகொள்ள எனக்கு யார் நேரம் கொடுப்பார்கள். ஒரு கம்பெனி இப்போதைய சம்பளத்துக்கு மேலேயே தருவதாகச் சொன்னது. மத்தியானம் இரண்டு முதல் ராத்திரி பதினொன்று ஷிஃப்ட். விட்டுவிட்டார். ஏற்றுக்கொண்டது சென்னையில் ஒரு சின்ன கம்பெனி, இந்திய ஹெல்த் இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கு சாஃப்ட்வேர் செய்கிறவர்கள். கையில் 84,000, பெயர் வெறும் சீனியர் அனலிஸ்ட்.

ஜனவரி 2024-இல் ராஜினாமா, 90 நாள் நோட்டீஸ், ஏப்ரல் முதல் வாரம் ரிலீவிங். சேர்ந்து 11 வருடம் 9 மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் போனால் கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள், ஆக 12 வருடம். அடிப்படைச் சம்பளம் 42,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 12-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2,90,000. அதைத் தொடாமல் வைத்திருக்கச் சொன்னேன். பி.எஃப்.ஐ எடுக்காமல் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொண்டார்.

பிறகு நடந்தது

அவர் சேர்ந்த அந்த ஏப்ரலிலேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புது விதிகள் அமலுக்கு வந்தன. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பு 48 மாதத்திலிருந்து 36 மாதமானது. தொடர்ந்து எட்டு வருடம் பிரீமியம் கட்டியவரின் க்ளெய்மை விவரம் மறைத்தார் என்று சொல்லித் தள்ளக்கூடாது (மோசடி என்றால் வேறு விஷயம்) என்று இருந்தது ஐந்து வருடமாகக் குறைந்தது. படிக்க இரண்டு வரி. சிஸ்டத்தில் அது எத்தனை இடத்தில் போய் இடிக்கும் என்று பார்ப்பதுதான் அவருக்குக் கொடுத்த முதல் வேலை. வேறு கம்பெனியிலிருந்து மாறி வந்தவருக்குப் பழைய காத்திருப்பு எப்படிக் கழியும், நடுவில் காப்பீட்டுத் தொகையை ஏற்றியவருக்குக் கூடுதல் தொகைக்கு எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று பாலிசி வாசகத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிப்ரவரி 29 மாதிரிதான், இந்த முறை அதுவே வேலை.

பெரும்பாலான நாட்களில் ஆறரைக்கு வீடு. ஆனால் எல்லாம் சுபம் என்று எழுத முடியாது. முதல் நான்கைந்து மாதம் பதவி இறங்கியது உறுத்தியது. ஒரு கல்யாணத்தில் பழைய டீமில் இருந்த பையன் மேனேஜர் ஆகியிருப்பதைச் சொன்னபோது சாப்பாடு இறங்கவில்லை என்றார். மாமியார் "ஏம்மா, உன்னை அங்க இறக்கிட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறார், பாவம் அவருக்கு எப்படி விளக்குவது. சின்ன கம்பெனி என்பதால் ரிலீஸ் சமயம் சனிக்கிழமையும் போக வேண்டியிருக்கிறது, ஒரு வருடம் போனஸ் தள்ளித்தான் வந்தது.

ஒரு வருடம் கழித்து நான்கு பேரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர்களுடைய வேலையைச் சரிபார்ப்பது, சொல்லிக் கொடுப்பது சரி, ரேட்டிங் வேறு யாராவது போடட்டும் என்றார். ஒத்துக்கொண்டார்கள். அபார்ட்மெண்ட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார், அது சில மாதத்தில் தானாக நின்றது. படிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை. மும்பையில் இருக்கும் இந்திய இன்சூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் நடத்தும் லைசென்ஷியேட் தேர்வை முடித்துவிட்டு, இப்போது அசோசியேட்ஷிப்புக்குப் படிக்கிறார்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

கணவரைப் பேச்சுக்குள் கொண்டுவந்தது அக்டோபரில். 75,000 என்ற எண் ஜனவரியிலேயே கையில் இருந்திருந்தால் இடைப்பட்ட மாதங்களில் வீட்டில் பாதி வாக்குவாதம் நடந்திருக்காது. இப்போது வருகிறவர்களிடம் இந்த எண்ணைத்தான் முதலில் கேட்கிறேன்.

பள்ளிச் சோதனைக்கு ஜூலை சரியான மாதமில்லை. காலாண்டுத் தேர்வும் விடைத்தாளும் பெற்றோர் கூட்டமும் வரும் செப்டம்பரில்தான் அந்த வேலையின் முழு உருவம் தெரியும். இவர் விஷயத்தில் இரண்டு வாரமே போதுமானதாக இருந்தது, சி பிரிவு புண்ணியத்தில். எல்லோருக்கும் அப்படி அமையாது.

உள்ளே மாற்றம் கேட்பதைப் பதவி உயர்வுப் பெயர்கள் போவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். பெயர் போன பிறகு கேட்டால் மேலதிகாரி அதை நன்றிகெட்டதனமாகத்தான் எடுத்துக்கொள்வார்.

புதுக் கம்பெனியில் சம்பளத்தைப் பேசிய அளவுக்குப் பதவிப் பெயரைப் பேசவில்லை. சின்ன கம்பெனிகளுக்குப் பெயரை மாற்றிக் கொடுப்பதில் காசு செலவில்லை, கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், கல்யாண வீட்டிலும் மாமியாரிடமும் பதில் சொல்வது சுலபமாகியிருக்கும்.

கடைசியாக ஒன்று: இந்த வீட்டில் இரண்டு சம்பளம் இருந்தது. ஒரே சம்பளத்தில் ஓடும் வீடு என்றால், அல்லது கையில் வருவதே 75,000-க்குக் கீழே என்றால், பதவி உயர்வை ஏற்றுக்கொண்டு கடனை முதலில் குறைக்கச் சொல்லியிருப்பேன், தேடலை இரண்டு வருடம் தள்ளிப் போட்டு.